எஸ்.டி.எஸ்.: நுரைக்கும் தூளை ஆய்வகத்திலும் மருத்துவத்திலும் சரியாகக் கையாள ஒரு முழுமையான வழிகாட்டி

பற்பசையில் நுரை தருகிற சோடியம் லாரில் சல்பேட்டும், புரத ஆய்வகத்தில் ஜெல் ஓட்டும்போது (மின்சாரத்தால் புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும்போது) சேர்க்கிற சோடியம் டோடெசில் சல்பேட்டும் ஒரே பொருள்தான். டப்பாவில் எஸ்.எல்.எஸ். என்று இருந்தாலும் எஸ்.டி.எஸ். என்று இருந்தாலும் மூலக்கூறு ஒன்றே: பன்னிரண்டு கார்பன் நீளத்துக்கு எண்ணெயை நாடும் வால், அதன் முனையில் தண்ணீரை நாடும் எதிர்மின் சல்பேட் தலை, கூடவே ஒரு சோடியம் அயனி. மூலக்கூறு எடை 288.4.

அழுக்கைக் கழற்றும் அதே குணம்தான் இதை ஆய்வகத்துக்கும் கொண்டுவந்தது. செல்லின் கொழுப்புச் சவ்வைக் கரைக்கும். புரதத்தின் மடிப்புகளைப் பிரித்து அதன் நீளம் முழுவதும் ஒட்டிக்கொள்ளும். இந்தப் பொருளோடு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை மூன்று இடங்களில்தான் தொடங்குகின்றன: குளிர், பொட்டாசியம், வேலை முடிந்த பிறகும் போகாமல் நிற்கும் மிச்சம். கீழே வரும் எல்லா முறைகளிலும் இந்த மூன்றும் திரும்பத் திரும்பத் தலைகாட்டும்.

வாங்கும்போது

எஸ்.எல்.எஸ். வேறு, எஸ்.எல்.இ.எஸ். வேறு. இரண்டாவது சோடியம் லாரெத் சல்பேட். நடுவே எத்திலீன் ஆக்சைடு கண்ணிகள் சேர்ந்தது. தோலுக்குக் கொஞ்சம் மென்மையானது. பல ஷாம்புகளில் இருப்பது அதுதான். ஆய்வக முறைகளில் ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட முடியாது.

தொழிற்சாலைத் தரத்து எஸ்.எல்.எஸ். பெரும்பாலும் தேங்காய் எண்ணெய் அல்லது பனைக்கொட்டை எண்ணெயின் கொழுப்பு ஆல்கஹாலிலிருந்து வருவதால் அதில் 12 கார்பன் வாலோடு 14, 16 கார்பன் வால்களும் கலந்திருக்கும். துணி துவைக்க அதனால் குறையில்லை. ஜெல்லில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஆல்பா டியூபுலின், பீட்டா டியூபுலின் என்ற இரு நெருங்கிய புரதங்கள் தனித்தனிப் பட்டையாகப் பிரிகின்றனவா, ஒன்றாக ஓடுகின்றனவா என்பதே எந்த எஸ்.டி.எஸ்.ஸைப் பயன்படுத்தினீர்கள் என்பதைப் பொறுத்து மாறும். ஜெல்லுக்கு 99 சதவீதத் தூய்மையுள்ள 12 கார்பன் சரக்கை வாங்குங்கள். ஒரு ஆய்வுத் தொடர் முடியும்வரை தயாரிப்பாளரையும் தரத்தையும் மாற்றாதீர்கள்.

பத்து சதவீதக் கரைசல்

எல்லா வேலைக்கும் அடிப்படை இந்தக் கரைசல்தான். 100 மில்லிலிட்டருக்கு:

1. தூளை எடைபோடுவதற்கு முன் முகக்கவசம், கண்ணாடி, கையுறை மூன்றும் போடுங்கள். தூள் பஞ்சுபோல லேசானது. ஒரு கரண்டி அசைந்தாலே பறக்கும். மூக்கில் ஏறினால் தொண்டை எரிந்து தும்மல் நிற்காது. கண்ணில் பட்டால் கடுமையான சேதம் செய்யக்கூடியது. தூள் தீப்பற்றும் என்பதால் பர்னர் அருகே வேண்டாம். சின்ன மணிகளாக உருட்டி விற்பதை வாங்கினால் பறக்கும் தொல்லை பெரிதும் குறையும்.
2. 80 மில்லிலிட்டர் காய்ச்சி வடித்த நீரைப் பீக்கரில் எடுத்து, 10 கிராம் எஸ்.டி.எஸ்.ஸைச் சிறிது சிறிதாகத் தூவுங்கள். தூளின் மேல் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டிவிடும்.
3. காந்தக் கலக்கியை மிக மெதுவாகச் சுழலவிட்டு 60 முதல் 68 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குங்கள். வேகம் கூடினால் பீக்கர் முழுக்க நுரைதான் மிஞ்சும்.
4. கரைசல் தெளிந்ததும் அறை வெப்பத்துக்கு ஆறவிட்டு, நுரை அடங்கிய பிறகு அளவு உருளையில் 100 மில்லிலிட்டராக்குங்கள். நுரை இருக்கும்போது அளவுக் கோட்டைப் படித்தால் அளவு தவறும்.
5. பிஎச் 7.2 வேண்டுமென்று முறை கேட்டால் ஓரிரு துளி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் போதும்.

ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கம்) செய்ய வேண்டாம், பொங்கி வழியும். குளிர்பதனப் பெட்டியிலும் வைக்கக் கூடாது. அறை 20 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தாலே பாட்டிலின் அடியில் வெள்ளை ஊசிகளாகப் படிகம் இறங்கத் தொடங்கும். இதனால் கரைசல் கெட்டுவிடவில்லை. 37 டிகிரி நீர்த்தொட்டியில் வைத்து, முழுதாகக் கரைந்ததும் தலைகீழாக நாலைந்து முறை புரட்டிக் கலந்து பயன்படுத்துங்கள். படிகம் அடியில் கிடக்க மேலே தெளிந்ததை மட்டும் பிப்பெட்டில் எடுப்பதுதான் உண்மையான தவறு. அந்த 10 சதவீதம் அப்போது 10 சதவீதமாக இருக்காது.

அமிலக் கரைசலில் நெடுநாள் வைத்தால் எஸ்.டி.எஸ். மெல்ல உடைந்து டோடெகனால் ஆகும். அதனால் அமிலத் தன்மையுள்ள கலவைகளைத் தேவைப்படும்போது மட்டும் தயாரிப்பது நல்லது.

மைசெல்: நினைவில் வைக்க வேண்டிய எண்கள்

தூய நீரில், 25 டிகிரியில், எஸ்.டி.எஸ். செறிவு சுமார் 8 மில்லிமோலாரைத் தாண்டும்போது மூலக்கூறுகள் வாலை உள்ளே வைத்துக் கூட்டமாகத் திரள்கின்றன. இந்தத் திரள்தான் மைசெல். எடைக் கணக்கில் இது ஏறத்தாழ 0.24 சதவீதம். ஒரு மைசெலில் சராசரியாக 60 சொச்சம் மூலக்கூறுகள் இருக்கும். 62 என்று வைத்துக்கொண்டால் 62 × 288 என்று எடை 18,000 டால்டனை நெருங்கும். உப்பு சேர்ந்தால் இந்த எல்லை வெகுவாக இறங்கும்: 0.1 மோலார் சோடியம் குளோரைடில் சுமார் 1.5 மில்லிமோலாரிலேயே மைசெல் உருவாகிவிடும்.

டயாலிசிஸ் (நுண்துளைச் சவ்வு வழியே சிறு மூலக்கூறுகளை வெளியேற்றுதல்) செய்து எஸ்.டி.எஸ்.ஸை நீக்கப் பார்ப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். 10,000 டால்டன் துளையுள்ள சவ்வில் தனி மூலக்கூறு நுழையும், மைசெல் நுழையாது. முதலில் எல்லைக்குக் கீழே நீர்க்கச் செய்யாமல் டயாலிசிஸ் வைத்தால் இரண்டு நாள் கழித்தும் நுரை வரும்.

புரத ஜெல்

ஒரு கிராம் புரதத்தோடு சுமார் 1.4 கிராம் எஸ்.டி.எஸ். ஒட்டுகிறது, தோராயமாக இரண்டு அமினோ அமிலத்துக்கு ஒரு மூலக்கூறு. புரதத்தின் சொந்த மின்னூட்டம் இந்த எதிர்மின் போர்வைக்குள் மறைந்துவிடுவதால், எல்லாப் புரதங்களுக்கும் எடைக்கேற்ற மின்னூட்டம் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் அமைகிறது. பிறகு ஜெல்லின் வலைக்கண்தான் சிறியது, பெரியது என்று பிரிக்கிறது. இன்று நாம் செய்யும் முறை 1970இல் லெம்லி வெளியிட்ட பஃபர் (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசல்) அமைப்பு.

12 சதவீதப் பிரிக்கும் ஜெல் 10 மில்லிலிட்டருக்கு: தண்ணீர் 3.3, 30 சதவீத அக்ரிலமைடு கலவை 4.0, 1.5 மோலார் ட்ரிஸ் (பிஎச் 8.8) 2.5, 10 சதவீத எஸ்.டி.எஸ். 0.1, 10 சதவீத அமோனியம் பெர்சல்பேட் 0.1 மில்லிலிட்டர், டெமெட் 4 மைக்ரோலிட்டர். மேலே ஊற்றும் அடுக்கு ஜெல் 5 மில்லிலிட்டருக்கு: தண்ணீர் 3.4, அக்ரிலமைடு கலவை 0.83, 1 மோலார் ட்ரிஸ் (பிஎச் 6.8) 0.63, எஸ்.டி.எஸ். 0.05, பெர்சல்பேட் 0.05 மில்லிலிட்டர், டெமெட் 5 மைக்ரோலிட்டர். ஜெல்லை உறையவைக்கும் பெர்சல்பேட்டும் டெமெட்டும் கடைசியில்தான். உறையாத அக்ரிலமைடு நரம்பு நஞ்சு. கையுறை இல்லாமல் தொடவே கூடாது.

ஓட்டும் பஃபர், பத்து மடங்கு அடர்வில், ஒரு லிட்டருக்கு: ட்ரிஸ் பேஸ் 30.3 கிராம், கிளைசின் 144 கிராம், எஸ்.டி.எஸ். 10 கிராம். நீர்க்கச் செய்தால் பிஎச் தானாகவே 8.3 அருகில் நிற்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுச் சரிசெய்யக் கூடாது. இந்த முறையே குளோரைடு முன்னால் ஓட, கிளைசின் பின்னால் இழுபட, நடுவில் புரதம் மெல்லிய கோடாகச் சேர்வதில் நிற்கிறது. ஓட்டும் பஃபரில் குளோரைடைக் கொட்டினால் அந்த அடுக்கு உருவாகாது. பட்டைகள் தடித்துப் பரவும்.

மாதிரிப் பஃபர், இரு மடங்கு அடர்வில், 10 மில்லிலிட்டருக்கு: 1 மோலார் ட்ரிஸ் (பிஎச் 6.8) 1.25, 10 சதவீத எஸ்.டி.எஸ். 4, கிளிசரால் 2, பீட்டா மெர்காப்டோஎத்தனால் 1, தண்ணீர் 1.75 மில்லிலிட்டர், புரோமோபீனால் புளூ 2 மில்லிகிராம். மெர்காப்டோஎத்தனாலைப் புகைக்கூண்டுக்குள் வைத்து, அன்றைக்குத் தேவையான அளவுக்கு மட்டும் சேருங்கள். மாதிரியும் பஃபரும் சம அளவு கலந்து 95 டிகிரியில் 5 நிமிடம் சூடாக்குங்கள். சவ்வுப் புரதங்கள் மட்டும் விதிவிலக்கு. கொதிக்கவிட்டால் அவை ஒன்றோடொன்று திரண்டு கிணற்றிலேயே தங்கிவிடும்; 37 டிகிரியில் 30 நிமிடமே அவற்றுக்கு ஏற்றது. எஸ்.டி.எஸ். எடை புரத எடையைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும். குறைந்தால் பாதி போர்த்திய புரதம் கோடுகோடாக இழுத்துக்கொண்டு ஓடும்.

அடுக்கு ஜெல்லில் 80 வோல்ட், பிரிக்கும் ஜெல்லுக்குள் சாயம் நுழைந்ததும் 120 முதல் 150 வோல்ட். பட்டைகள் நடுவில் இறங்கி ஓரத்தில் பின்தங்கி வளைந்தால் நடுப்பகுதி சூடேறிவிட்டது என்று பொருள், வோல்ட்டைக் குறையுங்கள். குளிர் அறையில் வைத்தால் தீரும் என்று நினைப்பதுண்டு. ஆனால் 4 டிகிரியில் எஸ்.டி.எஸ். படிகமாக இறங்கும். அவ்வளவு குளிரில்தான் ஓட்ட வேண்டுமென்றால் அதன் லித்தியம் உப்பைப் பயன்படுத்துங்கள். அது குளிரிலும் கரைந்தே இருக்கும்.

அடிக்கடி வரும் இன்னொரு தொல்லை: மாதிரிப் பஃபரைச் சேர்த்தவுடன் குழாய்க்குள் தயிர்போல வெள்ளையாகத் திரிகிறது. சூடாக்கினால் கரைகிறது, ஆறினால் மீண்டும் திரிகிறது. மாதிரியில் பொட்டாசியம் குளோரைடு அதிகம் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. பொட்டாசியம் டோடெசில் சல்பேட் தண்ணீரில் கரையாது. கூடவே புரதத்தையும் இழுத்துக்கொண்டு இறங்கும். புரதத்தை விரிக்கும் குவானிடின் உப்பு கலந்த மாதிரியிலும் இதேபோலத்தான். பொட்டாசியத்தைச் சோடியத்தால் மாற்றிய பஃபரில் புரதத்தை எடுப்பதே சரி. அதற்கு வழியில்லையென்றால் அசிட்டோனில் புரதத்தை வீழ்ப்படிவாக்கி, உப்பில்லாமல் மீண்டும் கரைக்கலாம்.

புரத அளவு காண்பதிலும் ஒரு எச்சரிக்கை. பிராட்ஃபோர்டு சாயம் 0.1 சதவீத எஸ்.டி.எஸ். அளவிலேயே தடுமாறும். பி.சி.ஏ. முறை 5 சதவீதம் வரை தாங்கும். எஸ்.டி.எஸ். உள்ள மாதிரிக்கு இரண்டாவதே உகந்தது.

டி.என்.ஏ. எடுக்கும்போது

திசுவிலிருந்து எடுப்பதற்கு 0.5 சதவீத எஸ்.டி.எஸ்., ஈ.டி.டி.ஏ. கலந்த ட்ரிஸ் பஃபர் (பிஎச் 8), மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் புரோட்டினேஸ் கே (புரதத்தை வெட்டும் நொதி). 50 டிகிரியில் இரவு முழுக்க வையுங்கள். மற்ற நொதிகளை முடக்கும் எஸ்.டி.எஸ். புரோட்டினேஸ் கே-யை இந்த அளவில் முடக்குவதில்லை. மற்ற புரதங்களை விரித்துக் கொடுத்து அதன் வேலையை எளிதாக்கவும் செய்கிறது.

பாக்டீரியாவிலிருந்து பிளாஸ்மிட் (வட்டமான சிறு டி.என்.ஏ.) எடுக்கும் காரச் சிதைப்பு முறையில், 1979இல் பிர்ன்பாய்மும் டோலியும் வெளியிட்டதன் இன்றைய வடிவத்தில், பொட்டாசியத்தின் பகைமையே பயனாகிறது. 0.2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு, 1 சதவீத எஸ்.டி.எஸ். கொண்ட கரைசல் செல்லை உடைக்கும். அதன்பின் பொட்டாசியம் அசிடேட் விட்டதும் எஸ்.டி.எஸ்., புரதம், குரோமோசோம் டி.என்.ஏ. எல்லாம் வெள்ளைத் திரளாக இறங்க, பிளாஸ்மிட் மட்டும் மேலே தெளிவில் நிற்கும். சிதைக்கும் கட்டத்தில் குழாயைக் குலுக்காமல் ஐந்தாறு முறை மெதுவாகத் தலைகீழாக்குங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டவிடாதீர்கள். குலுக்கினால் குரோமோசோம் துண்டாகி மேல் தெளிவில் கலந்துவிடும். கரைசல் பாட்டிலில் படிகம் தெரிந்தால் முன்பு சொன்னதுபோல் 37 டிகிரியில் கரைத்த பிறகே எடுங்கள்.

மிச்சம்தான் இங்கே பெரிய எதிரி. டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். கலவையில் எஸ்.டி.எஸ். 0.01 சதவீதம் இருந்தாலே அதன் நொதியான டாக் பாலிமரேஸ் படுத்துவிடும். டி.என்.ஏ.வை எத்தனாலில் வீழ்ப்படிவாக்கும்போது, மாதிரியில் எஸ்.டி.எஸ். இருந்தால் சோடியம் அசிடேட்டுக்குப் பதிலாக 0.2 மோலார் சோடியம் குளோரைடு சேருங்கள், அப்போது எஸ்.டி.எஸ். எத்தனாலில் கரைந்தே நிற்கும், டி.என்.ஏ. மட்டும் இறங்கும். பிறகு 70 சதவீத எத்தனாலில் அறை வெப்பத்தில் இரண்டு முறை கழுவுங்கள். அவசரத்துக்கு ட்வீன் 20 போன்ற மின்னூட்டமற்ற சோப்புப் பொருளைப் பி.சி.ஆர். கலவையில் 0.5 சதவீதம் சேர்த்தால், அது எஸ்.டி.எஸ்.ஸைத் தன் மைசெலுக்குள் வாங்கிக்கொள்ளும். கழுவ முடியாத இடத்தில்தான் இது கைகொடுக்கும், கழுவுவதற்கு ஈடாகாது.

ரத்தப் பரிசோதனையில்

ஹீமோகுளோபின் அளக்கும் பழைய முறையில் சயனைடு உண்டு. 1982இல் ஓஷிரோ குழுவினர் சயனைடுக்குப் பதிலாக எஸ்.எல்.எஸ். போதும் என்று காட்டினர். இன்று பல தானியங்கி ரத்த எண்ணிகள் இந்த முறையில்தான் ஹீமோகுளோபினைப் படிக்கின்றன. எஸ்.எல்.எஸ். சிவப்பணுவை உடைத்து, குளோபினை விரித்து, ஹீமின் இரும்பை ஆக்சிஜனேற்றம் அடையவைத்து அதனோடு பிணைகிறது. கிடைக்கும் நிறம் 540 நானோமீட்டர் அருகே நன்றாக ஒளியை உறிஞ்சும். கழிவில் நஞ்சு இல்லை. கொழுப்பு மிகுந்த ரத்தத்தில் வரும் கலங்கலும் குறைவு.

கையால் செய்வதென்றால்: 33 மில்லிமோலார் சோடியம் பாஸ்பேட் பஃபரில் (பிஎச் 7.2) லிட்டருக்கு 0.60 கிராம் எஸ்.எல்.எஸ். கரையுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. குழாயிலுள்ள ரத்தத்தை எட்டுப் பத்து முறை மெதுவாகப் புரட்டிக் கலக்குங்கள். 5 மில்லிலிட்டர் கரைசலில் 25 மைக்ரோலிட்டர் ரத்தம். பிப்பெட் நுனியின் வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு விடுங்கள். அந்த வெளிப்புறத்தில் 1 மைக்ரோலிட்டர் ஒட்டியிருந்தாலே 4 சதவீதப் பிழை: டெசிலிட்டருக்கு 15 கிராம் ஹீமோகுளோபின் உள்ளவருக்கு 15.6 என்று காட்டும். கலந்து ஐந்து நிமிடம் வைத்து 540 நானோமீட்டரில் படியுங்கள். எஸ்.எல்.எஸ். நிறத்துக்கென்று நிலையான உறிஞ்சு குணகம் இல்லை. அதனால் சயன்மெட் எனும் அந்தப் பழைய சயனைடு முறையில் மதிப்பிட்ட அளவுத்திருத்த ரத்தத்தை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். நோயாளிக்கு முடிவு தரும் ஆய்வகமென்றால், தினசரிக் கட்டுப்பாட்டு மாதிரி இல்லாமல் ஓட்டவே கூடாது.

தோல், வாய், மருந்து

தோல் எரிச்சலை ஆராயும் மருத்துவர்கள் எஸ்.எல்.எஸ்.ஸையே அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். ஒட்டுச் சோதனையில் ஒவ்வாமைப் பொருள்களோடு 0.25 அல்லது 0.5 சதவீத எஸ்.எல்.எஸ். ஒரு கட்டத்தில் வைக்கப்படும். அந்த இடமும் சிவந்தால் அன்றைக்கு அவரது தோலே எளிதில் எரிச்சலடையும் நிலையில் இருக்கிறது. மற்ற கட்டங்களின் லேசான சிவப்பை நிதானமாகவே படிக்க வேண்டும். விலங்குகள் இல்லாமல், வளர்த்த மனிதத் தோல் மாதிரியில் எரிச்சல் பார்க்கும் ஓ.இ.சி.டி. 439 சோதனையில் 5 சதவீத எஸ்.டி.எஸ்.தான் நிச்சயம் எரிக்கும் ஒப்பீட்டுப் பொருள்.

இப்படிப்பட்ட பொருள் தோல் களிம்பிலும் இருக்கிறது. பிரிட்டிஷ் மருந்து நூல் முறையில் எமல்சிஃபையிங் மெழுகில் 10 சதவீதம் எஸ்.எல்.எஸ்.; அந்த மெழுகு எமல்சிஃபையிங் களிம்பில் 30 சதவீதம்; அந்தக் களிம்பு அக்வஸ் கிரீமில் 30 சதவீதம். பெருக்கினால் கிரீமில் 0.9 சதவீதம். ஒட்டுச் சோதனையில் எரிச்சலுக்கென்றே வைக்கும் அளவைவிட இது அதிகம். எக்சிமா உள்ள குழந்தைகளுக்கு அக்வஸ் கிரீமைப் பூசி விட்டுவைத்தால் எரிச்சல் வரலாம் என்று பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் எச்சரித்தது. எக்சிமா உள்ள தோலில் ஊறவிடும் ஈரப்பூச்சாக எஸ்.எல்.எஸ். இல்லாத களிம்பைத் தேர்ந்தெடுங்கள்.

வாய்ப்புண் அடிக்கடி வருபவர்கள் எஸ்.எல்.எஸ். இல்லாத பற்பசைக்கு மாறிப் பார்க்கலாம். சிலருக்குப் புண் குறைகிறது. குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியைக் கொப்பளிக்கச் சொல்லியிருந்தால், பல் துலக்கியவுடன் கொப்பளிக்காதீர்கள். குளோர்ஹெக்சிடின் நேர்மின்னூட்டம் கொண்டது, எஸ்.எல்.எஸ்.ஸோடு சேர்ந்து செயலிழக்கும். குறைந்தது அரை மணி, முடிந்தால் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

மாத்திரைகளில் நீரை எளிதாக ஏற்க எஸ்.எல்.எஸ். சேர்க்கிறார்கள். நீரில் கரையாத மருந்துகளின் கரைவுச் சோதனையில் 0.5 முதல் 1 சதவீதம் ஊடகத்தில் சேர்ப்பதும் வழக்கம். அங்கே பொட்டாசியம் பாஸ்பேட் பஃபரை வழக்கம்போல் எடுத்துவிட்டால் பாத்திரம் முழுக்கப் பால்போல் கலங்கி வடிகட்டி அடைக்கும். சோடியம் பாஸ்பேட்டுக்கு மாறுங்கள். ஜெலட்டின் உறையுள்ள காப்ஸ்யூலை அமில ஊடகத்தில் எஸ்.எல்.எஸ்.ஸோடு போட்டாலும் ஜெலட்டின் வீழ்ப்படிவாகி மருந்து வெளிவருவதைத் தடுக்கும்.

பெயர்க் குழப்பம் ஒன்று உயிருக்கே ஆபத்தாகலாம். சுருள் சிரை நரம்புக்கு ஊசியாகச் செலுத்துவது சோடியம் டெட்ராடெசில் சல்பேட். அது 14 கார்பன் கொண்ட வேறு பொருள், மருந்துத் தரத்தில் தயாரித்தது. ஆய்வக எஸ்.டி.எஸ். எந்த நிலையிலும் ஊசிக்கு உரியதல்ல.

உறுப்பைச் செல் இல்லாத சட்டகமாக்குதல்

புதிய செல்களை விதைக்க வெறும் சட்டகம் வேண்டி, 2008இல் ஓட், டெய்லர் குழுவினர் எலியின் இதயத்துக்குள் ரத்தக்குழாய் வழியே 1 சதவீத எஸ்.டி.எஸ்.ஸைச் சுமார் 12 மணி நேரம் ஓடவிட்டு, செல்களை முழுக்கக் கழுவியெடுத்தனர். சிவந்த இதயம் மெல்ல வெளுத்து, கடைசியில் கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் கொலாஜன் கூடாக நின்றது. பிறகு 1 சதவீத ட்ரைட்டான் எக்ஸ்-100 (மின்னூட்டமற்ற சோப்புப் பொருள்) அரை மணி நேரம் ஓடி மீந்த எஸ்.டி.எஸ்.ஸை எடுத்தது.

செல் போய்விட்டதா என்று பார்க்க, உலர் எடையில் மில்லிகிராமுக்கு 50 நானோகிராமுக்குக் கீழே டி.என்.ஏ. என்பதே பரவலாகப் பின்பற்றும் வரம்பு. ஆனால் டி.என்.ஏ. இல்லாத சட்டகத்திலும் புதிதாக விதைத்த செல்கள் செத்துக்கொண்டே இருந்தால், குற்றவாளி கொலாஜனோடு ஒட்டியிருக்கும் எஸ்.டி.எஸ்.தான். கழுவும் நீரை நாள்கணக்கில் மாற்றுங்கள். பொட்டாசியம் உள்ள உப்புக் கரைசலை முதலில் விட்டால் எஸ்.டி.எஸ். திசுவுக்குள்ளேயே படிந்துவிடும், அதனால் முதல் கழுவல்கள் வெறும் காய்ச்சி வடித்த நீரில் இருக்கட்டும்.

மிச்சத்தைக் கண்டுபிடிக்க மெத்திலீன் புளூ போதும். கடைசியாகக் கழுவிய நீரில் கொஞ்சம் எடுத்து, நீர்த்த மெத்திலீன் புளூ கரைசலும் குளோரோஃபார்மும் சேர்த்துப் புகைக்கூண்டுக்குள் குலுக்கி நிற்கவிடுங்கள். சாயம் தனியாக இருந்தால் மேலே தண்ணீரிலேயே தங்கும். எஸ்.டி.எஸ்.ஸோடு ஜோடி சேர்ந்தால் மட்டுமே அடியிலுள்ள குளோரோஃபார்முக்குள் இறங்கும். அளவு வேண்டுமென்றால் அந்த அடி அடுக்கை 650 நானோமீட்டர் அருகில் படித்து, தெரிந்த செறிவுகளோடு ஒப்பிடுங்கள். பக்கத்தில் வெறும் நீரை வைத்து இதே சோதனையைச் செய்து பாருங்கள். அதைவிட அடி அடுக்கு நீலமாகத் தெரிந்தால் இன்னொரு நாள் கழுவ வேண்டும்.